தாய்மாமன் முன்னிலையில் கூழைக்கடா

பொன்னமராவதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, "கடைசி வரி தெரியுதாங்க?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. கடுகளவு எழுத்தையும் தடுமாறாமல் படிக்கவைத்து அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், ஆள் உயரத்துக்கு எழுத்துப் போட்ட ஒரு ஃப்ளெக்ஸைப் படிக்காமல் விட்டு, பாதி ஊரைக் கண்மாய்க் கரையில் பட்டினியாக உட்காரவைத்தேன். இந்தக் கதையைக் கடைக்கு வருகிறவர்களிடம் நானாகச் சொல்வதில்லை. (அவர்களே சொல்லிக்கொண்டுதான் படியேறுகிறார்கள்.)

எல்லாம் சேவைச் சங்கத்தில் சேர்ந்ததால் வந்தது. சங்கத்துக்காரர்கள் இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கு உதவி கேட்டு வந்தார்கள். போனேன். முகாம் முடிந்து வெளியே வந்தபோது தோளில் சால்வையும் சட்டைப்பையில் உறுப்பினர் அட்டையும் இருந்தன. எங்கள் கூட்டங்களில் பாதி நேரம் சேவை பற்றிப் பேசுவோம், மீதி நேரம் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்துவோம். ஒருமுறை நான் ஒருவருக்குப் போர்த்திய சால்வை சில மாதங்களில் எனக்கே திரும்பி வந்தது. ஓரத்தில் இருந்த காப்பிக் கறையை வைத்து அடையாளம் கண்டுபிடித்தேன்.

அந்த வருஷம் மாவட்ட ஆளுநராக வந்தவர் பறவைப் பிரியர். (ஆளுநர் என்றதும் ராஜ்பவனை நினைக்க வேண்டாம். சங்கங்களை மேற்பார்க்க மாவட்டத்துக்கு ஒருவர் உண்டு, அவரை அப்படித்தான் சொல்வோம். இவர் மதுரையில் பைப் வியாபாரம் செய்பவர்.) ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் பறவைகளுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். நாங்கள் முதலில் சிட்டுக்குருவிக் கூண்டு கொடுத்துப் பார்த்தோம். வாங்கிப்போனவர்கள் அதை வாசலில் மாட்டி, அதற்குள் ரேஷன் கார்டையும் வண்டிச் சாவியையும் வைத்துக்கொண்டார்கள். குருவி ஒன்றும் வரவில்லை. என் பக்கத்துக் கடைக்காரர் கூண்டில் மட்டும் ஒரு அணில் வந்து குடியேறி, அவருடைய கேஸ் புத்தகத்தைக் கடித்து மெத்தை செய்துகொண்டது.

அடுத்த திட்டத்துக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பறவை பார்க்கப் பைனாகுலர் வேண்டும், பைனாகுலரில் கண்ணாடி இருக்கிறது, ஆகவே அது கண்ணாடிக் கடைக்காரர் வேலை என்று பொருளாளர் விளக்கினார். மறுக்க முடியாத வாதம். காக்கையையும் கொக்கையும் தவிர வேறு பறவை தெரியாத நான், ஒரே கைதட்டலில் பறவைத் திட்டத் தலைவர் ஆனேன்.

நல்ல வேளையாக, ஊருக்கு வெளியே இருக்கும் கண்மாயில் அந்த வருஷம் தண்ணீர் நின்றது. நடுவில் இருந்த கருவேல மரங்களில் பெரிய பெரிய வெள்ளைப் பறவைகள் கூடு கட்டியிருந்தன. அலகுக்குக் கீழே பை தொங்கும். தண்ணீரில் மெதுவாக மிதந்து வந்து அந்தப் பையால் மீனை அள்ளும். பெயர் கூழைக்கடா என்று வனத்துறையில் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கையாளர் சொன்னார். பெயரைக் கேட்டதும் எனக்குப் பிடித்துவிட்டது. மாசி மாதம் ஒரு ஞாயிறு காலை ஆளுநரை வரவழைத்து, கரையிலிருந்து ஊர்மக்களுக்குப் பறவை காட்டி, சங்கத்தின் பேரை நிலைநாட்டுவது என்று முடிவானது.

இந்த இடத்தில் என் மச்சான் கருப்பையாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் மனைவி வள்ளிக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்றால் திருமயம் பக்கம் விவசாயம் பார்க்கும் அண்ணன் கருப்பையா ஒருவர்தான். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த விசேஷத்துக்குப் போனாலும் வாசலில் இருக்கும் ஃப்ளெக்ஸை மேலே சாமி படத்திலிருந்து கீழே ஃப்ளெக்ஸ் கடையின் ஃபோன் நம்பர் வரை முழுவதும் படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். எங்கள் மகள் யாழினிக்குக் காது குத்தியபோதும் அப்படித்தான் படித்தார். அதில் என் பங்காளிகள் இருந்தார்கள், சங்கத் தலைவர் இருந்தார், எனக்கே யாரென்று தெரியாத ஒருவர் கூலிங்கிளாஸ் போட்டு நின்றார். தாய்மாமன் பெயர் மட்டும் இல்லை. ஃப்ளெக்ஸ் கடை ரமேஷ் விட்டுவிட்டான், நானும் சரிபார்க்கவில்லை.

மச்சான் சீர்த்தட்டுகளைத் திரும்ப லோடு ஆட்டோவில் ஏற்றினார், போய்விட்டார். யாழினி ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாள். நான் அன்றைக்கே ரமேஷ் கடைக்குப் போய், இருந்த கோபத்தையெல்லாம் அவன்மேல் கொட்டி, மாமன் பேரையும் படத்தையும் கொடுத்து வேறு ஃப்ளெக்ஸ் தயார் செய்யச் சொன்னேன். வள்ளி தடுத்துவிட்டாள். விசேஷம் முடிந்த மண்டபத்தில் யார் பார்க்க அதை மாட்டுவது என்று கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் அண்ணன் குரலைக் கேட்கவில்லை. அவர் ஃபோன் எடுக்க மாட்டார். நான் நேரில் போனபோது அவர் மனைவி காப்பி கொடுத்தார், மச்சான் டிவியில் மருந்து விளம்பரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளி என்னைக் குறை சொன்னதே இல்லை. தீபாவளிக்கு அண்ணனுக்கென்று ஒரு டப்பாவில் அதிரசம் எடுத்து வைப்பாள். கார்த்திகை வரை அது அலமாரியில் இருக்கும். அந்த டப்பாவைத் தாண்டிப் போய்த்தான் நான் தினமும் கண்ணாடித் துணி எடுக்க வேண்டும்.

விழாவுக்கு வருகிறேன். பறவை விழா ஃப்ளெக்ஸுக்கான வாசகத்தை ரமேஷுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். 'மாபெரும் கூழைக்கடா விழா, ஞாயிறு காலை, கண்மாய்க் கரை, தலைமை மாவட்ட ஆளுநர், அனைவரும் வருக.' கூடவே பறவையின் படம் ஒன்று. சனிக்கிழமை ஃப்ளெக்ஸின் மாதிரியை அனுப்பினான். நான் அப்போது ஆளுநருடன் சித்தன்னவாசலில் இருந்தேன். குகையின் விதானத்தில் தாமரைக் குளத்து ஓவியம் இருக்கிறதல்லவா, அதில் இருக்கும் ஒவ்வொரு வாத்துக்கும் அவர் பெயர் சொல்லிக்கொண்டு நின்றார். என் கண்ணாடி காரில் கிடந்தது. ஃபோனில் ஏதோ பச்சையும் சிவப்புமாகத் தெரிந்தது. கலர் நன்றாக இருக்கிறதே என்று கட்டைவிரலை உயர்த்தி அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு காலை கண்மாய்க் கரைக்குப் போனால் திருவிழாக் கூட்டம். சங்க உறுப்பினர்களும், அன்றைக்கு வீட்டில் வேறு வேலை இல்லாத அவர்களுடைய பிள்ளைகளும் வந்தாலே பெரிது என்று நினைத்திருந்தேன். குடும்பம் குடும்பமாக, குளித்துப் பட்டுச்சேலை கட்டி, வேன் பிடித்து வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பலர் கையில் தூக்குவாளி. வெயிலுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள், என்ன பொறுப்பான மக்கள் என்று எனக்குக் கண் கலங்கியது.

மைக்கைக் கையில் எடுத்து, குரலைத் தணித்துப் பேசினேன். சத்தம் போட வேண்டாம், சத்தம் போட்டால் எல்லாம் போய்விடும், பொறுமையாக இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும் என்றேன். நான் சொன்னது பறவையின் தரிசனம். கூட்டம் உடனே அடங்கியது. அதோடு நிற்காமல், யாரும் சொல்லாமலே வரிசை வரிசையாக, எதிரெதிரே இடைவெளி விட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். அது பந்திக்கான இடைவெளி என்பது எனக்கு உறைக்கவில்லை.

கண்மாயில் பிஸ்கட் காகிதம் சேரக்கூடாது என்பதால், உடம்புக்கும் நல்லது என்று கம்பங்கூழ் ஏற்பாடு செய்திருந்தோம். (பொருளாளர் யோசனை. வாதத்தில்தான் அவர் கெட்டிக்காரர் என்று சொன்னேனே.) கூழ் வாளி வந்ததும் கூட்டத்தில் ஒரு திருப்தி பரவியது. முன்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், கூழைக் குறைவாக வாங்கிக்கொள், வயிற்றில் இடம் வேண்டும் என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் புன்னகை செய்தேன்.

ஆளுநர் மேடையேறி இந்தக் காட்சியைப் பார்த்து உருகிப்போனார். எத்தனையோ ஊர்களில் பறவை முகாம் நடத்தியிருப்பதாகவும், இப்படிப் பெண்களும் குழந்தைகளும் வாய் திறக்காமல் நீர்நிலையையே பார்த்து உட்கார்ந்திருப்பதை எங்கும் கண்டதில்லை என்றும் பேசினார். இந்த வருஷத்தின் சிறந்த சங்கத்துக்கான கேடயம் எங்களுக்குத்தான் என்று அங்கேயே அறிவித்தார். யாரும் கைதட்டவில்லை. அதுவும் பறவைக்காகத்தான் என்று அவர் கூடுதலாக நெகிழ்ந்தார்.

நன்றி சொல்ல நான் எழுந்தேன். எழுதி வைத்திருந்ததைப் படிக்க சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினேன். மேடையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பியபோது, பின்னால் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் அப்போதுதான் முதல்முறையாக என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

'மாபெரும் கூழ், கடா விழா.' நடுவில் கொம்பு முறுக்கிய ஒரு கடா, கழுத்தில் மாலையோடு. நான் அனுப்பிய பறவை மூலையில், கட்சி பேனர்களில் புறா பறக்குமே அந்த மாதிரி, அலங்காரத்துக்குச் சின்னதாக. அதற்கும் கீழே, தலைமை மாவட்ட ஆளுநர். அதற்கும் கீழே, ஆளுநர் பெயரை விடப் பெரிய எழுத்தில், படத்தோடு: 'முன்னிலை: தாய்மாமன் மு. கருப்பையா.'

மைக்கை வைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் போய் ரமேஷுக்கு ஃபோன் போட்டேன். நான் கேட்பதற்கு முன்பே அவனே பேசினான்.

"அண்ணே, கூழைன்னு தப்பா அடிச்சிருந்தீங்க, நாந்தான் திருத்துனேன். மாமா பேர விட்டுட்டேன்னு போன தடவை அந்தச் சத்தம் போட்டீங்கள்ல. இனிமே ஒங்க ஃப்ளெக்ஸ் எதுலயும் அத விட மாட்டேண்ணே. பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு, திருமயம் ரோட்டுல ஒண்ணு, நேத்தே கட்டியாச்சு."

திருமயம் ரோடு மச்சான் தினமும் போய்வரும் ரோடு. தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தெரிந்த லோடு ஆட்டோ. கரைக்கு ஏறும் திருப்பத்தில் மேளம் ஏனோ நின்றுவிட்டது. ஆட்டோ மட்டும் மெதுவாக உருண்டு வந்து நின்றது. வெள்ளை வேட்டி சட்டையில் மச்சான் இறங்கினார். பின்னால் அவர் மனைவி, சொந்தக்காரர்கள், கையில் வெற்றிலை பாக்கு, பழம், மிட்டாய், துணிமணி வைத்த சீர்த்தட்டுகள்.

வள்ளி அப்போது கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்தவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். கூழ் டம்ளர் நிறைந்து வழிந்து வாங்குகிறவர் கையில் ஓடியது. அவரும் ஆட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளி என்னைப் பார்த்தாள். அண்ணனை நான்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைக்கிறாள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இப்போது நான் போய், மச்சான், உங்களை யாரும் கூப்பிடவில்லை, கடாவும் கிடையாது, எல்லாம் ஃப்ளெக்ஸ் கடைக்காரன் வேலை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர் இந்த ஜென்மத்தில் திரும்பி வர மாட்டார். சொல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் பாதி ஊர் சேர்ந்து சொல்லும்.

சீர்த்தட்டு மேடையை நோக்கி வருவதைப் பார்த்த ஆளுநர், இந்த ஊரின் வரவேற்பு முறை இது போலும் என்று எழுந்து சட்டையைச் சரிசெய்து இரண்டு கையையும் நீட்டினார். மச்சான் அவரைச் சுற்றிக்கொண்டு போய், மேடையோரம் நின்ற யாழினி முன்னால் தட்டை வைத்தார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாத ஆளுநர், அப்படியே மேலே தூக்கிச் சபைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் முன்வரிசைக்காரர் எழுந்தார். வெயில் ஏறுகிறது, கடாவை எப்போது பரிமாறுவீர்கள் என்று கேட்டார். கேள்வியில் இருந்த வினைச்சொல்லை ஆளுநர் கவனிக்கவில்லை. பெயர்ச்சொல்லைக் கேட்டதும் முகம் மலர்ந்து, கண்மாயின் நடுவே கையை நீட்டி, அதோ பாருங்கள் கூழைக்கடா என்றார். பந்தி முழுவதும் எழுந்து பார்த்தது. மரத்தின்மேல் ஒரு பறவை பையைத் திறந்து கொட்டாவி விட்டது.

"அது கொக்குல்ல?" என்றார் முன்வரிசைக்காரர்.

பிறகு ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. வேன் வாடகை பற்றி யாரோ கேட்டார்கள். தூக்குவாளிகள் ஒன்றோடொன்று மோதின. பறவைகள் இரண்டு மூன்று மரத்திலிருந்து எழும்பின. வனத்துறை வாடிக்கையாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். கூட்டம் ஒரு சத்தம் போட்டால் அத்தனையும் கூட்டை விட்டுப் போய்விடும், நான் கேடயத்தோடு வெறும் கருவேல மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மச்சான்தான் கையைத் தூக்கினார். "அட, சத்தம் போடாதீங்கப்பா. குஞ்சு பொரிச்சிருக்கு. கூழு நல்லாருக்கு, குடிச்சுட்டுப் போங்க" என்றார். ஃப்ளெக்ஸில் பெரிய எழுத்தில் இருந்தவர் சொன்னதால் ஒரு மரியாதை. முணுமுணுப்பு இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்தார்கள். வந்ததற்கு இதுவாவது மிச்சம் என்று தூக்குவாளியில் கூழை வாங்கிக்கொண்டவர்களும் உண்டு.

நான் மச்சானைத் தனியாக அழைத்துப் போனேன். கடா போடவில்லை மச்சான், அது வந்து, பறவை, என்று எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாப்ள, எங்க ஊருக் கண்மாய்லயும் கூழைக்கடா அடையுது. ஃப்ளெக்ஸு மூலையில படம் போட்டுருந்துச்சே, பார்த்தேன். கெடாவுக்காகவா வந்தேன்? பேரு போட்டுருந்துச்சு, வந்தேன்."

திருப்பத்தில் மேளம் ஏன் நின்றது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூடு கட்டியிருக்கும் இடத்தில் கொட்டக் கூடாது என்று அவர்தான் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். (தொழில்முறையில் நான் எப்போதும் கண்ணாடி துடைக்கிறவன் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.)

சீர்த்தட்டில் இருந்தவை எல்லாம் காதுகுத்து அன்றைக்குத் திரும்பிப் போனவை. பழமும் வெற்றிலையும் மிட்டாயும்தான் புதிது. பட்டுப்பாவாடையை யாழினிக்கு வைத்துப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை. மச்சான் அதைக் கீழே இழுத்துவிட்டுப் பார்த்தார். பிறகு, துணி சுருங்கிப்போச்சு போல என்றார். வள்ளி, ஆமாண்ணே, சுருங்கித்தான் போச்சு என்றாள். அவர் மருமகளை மடியில் உட்காரவைத்து, பழைய தோட்டைக் கழற்றிவிட்டுத் தான் கொண்டுவந்த தோட்டைப் போட்டுவிட்டார். ஆளுநர் அதையும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். சங்கத்தின் ஆண்டு மலரில், 'பறவை பாதுகாப்பு விழாவில் கிராமியக் கலை நிகழ்ச்சி' என்ற தலைப்போடு அது வந்திருக்கிறது.

மச்சான் போகும்போது ஃப்ளெக்ஸை அவிழ்த்து மடித்து எடுத்துப்போனார். இப்போது அது அவர் லோடு ஆட்டோவுக்கு மேல் தார்ப்பாயாக இருக்கிறது. வைக்கோல் ஏற்றிப் போகும்போது கடாவும் அவர் முகமும் மட்டும் வெளியே தெரியும்.

சிறந்த சங்கத்துக்கான கேடயம் என் கடையில் எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் நான் எதற்கு வாக்குக் கொடுத்தாலும், சினிமாவோ கொடைக்கானலோ, யாழினி உடனே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அப்பா, இது கெடாவா, கூழைக்கடாவா?" வாடிக்கையாளர்களும் இதைக் கற்றுக்கொண்டார்கள். சாயங்காலம் கண்ணாடி ரெடியாகிவிடும் என்று நான் சொன்னால் அதே கேள்வி வருகிறது. மாசி பிறந்தால் திருமயம் பக்கமிருந்து முதல் ஃபோன் வள்ளிக்குத்தான் வரும். "ஆத்தா, கெடா வந்துருச்சு" என்பார் மச்சான். எந்தக் கடா என்று கேட்காமலே அவள் உடனே மசாலா அரைக்க ஆரம்பிப்பாள். அதிரச டப்பா இப்போதெல்லாம் தீபாவளி அன்றே காலியாகிவிடுகிறது.

அவரைக் கூப்பிட்டது நானா ரமேஷா என்பதை மட்டும் இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. வள்ளியிடம் ஒருநாள் சொல்ல வாயெடுத்தேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, எனக்குத் தெரியும், எங்கண்ணனுக்கும் தெரிந்திருக்கும், நீங்கள் சொல்லித் தொலைக்காதீர்கள் என்று முடித்துவிட்டாள்.

ரமேஷ் சொன்ன சொல் தவறாதவன். கடையின் ஆடித் தள்ளுபடி ஃப்ளெக்ஸிலும், போன மாதம் வைத்த கண் பரிசோதனை முகாம் ஃப்ளெக்ஸிலும், கீழே படத்தோடு, முன்னிலை தாய்மாமன் மு. கருப்பையா. யாருக்குத் தாய்மாமன் என்று ஊரில் கேட்கிறார்கள். மச்சான் ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, தட்டில் பழத்தோடு கடைக்கு வந்துவிடுகிறார். ரமேஷிடமிருந்து மாதிரி வந்தால் நான் இப்போதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன். பச்சையும் சிவப்புமாக ஏதோ தெரிகிறது. கட்டைவிரலை உயர்த்தி அனுப்பிவிடுகிறேன்.